திண்டிவனத்தில் தட்டப்பட்ட கதவு



சென்னையிலிருந்து விழுப்புரம் நோக்கி வருகிறவர்கள் திண்டிவனத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அந்த ஊரில் வால்டர் ஸ்கடர் என்ற பெயரில் ஒரு பள்ளி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். நம் பங்குகளிலேயே அங்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய ஓர் இளம்பெண்ணின் வாழ்க்கை இதே திண்டிவனத்தில் ஒரே இரவில் திசை மாறியது என்பதும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் விதை உண்மையில் நம் மண்ணில்தான் விழுந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. நோய் முற்றிவிட்டால் வேலூருக்குக் கொண்டு போங்கள் என்று இன்றும் சொல்கிறோம். அந்த வேலூரைக் கட்டி எழுப்பிய மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவரது பாட்டனார் ஜான் ஸ்கடர் ஒரு மருத்துவர். 1819-ஆம் ஆண்டு மனைவியுடன் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கை சென்று, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்து, பின்னர் சென்னைக்கு வந்தவர். அவருடைய பிள்ளைகள் தமிழகத்தின் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பகுதிகளில் பரவிப் பணியாற்றினார்கள். அவர்களில் ஒருவரான இன்னொரு ஜான் ஸ்கடரின் ஒரே மகள்தான் ஐடா. 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். ஐந்து அண்ணன்களுக்குத் தங்கை.

அவருக்கு ஆறேழு வயதிருக்கும்போது தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. நம் பெரியவர்கள் தாது வருடப் பஞ்சம் என்று சொல்வது அதைத்தான். பசியால் வாயைத் திறக்கக்கூட வலுவற்ற பிள்ளைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளைப் பிட்டு வைக்கும் வேலை அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது. வழியோரங்களில் இறந்து கிடந்த பிள்ளைகளையும் பார்த்தார். அந்தக் காட்சிகள் அவரை இந்தியாவின்பால் இழுக்கவில்லை, விரட்டின. அமெரிக்கா சென்று படித்து வளர்ந்த ஐடா, மறைப்பணிக்கு வரவே மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். நல்ல உடை, நண்பர்கள், திருமணம், வசதியான வீடு என்று எல்லா இளம்பெண்களுக்கும் உள்ள ஆசைகளே அவருக்கும் இருந்தன. புனிதர்களின் வரலாறுகளில் சிறுவயதிலேயே அழைப்பைக் கேட்டவர்களைப் பற்றித்தான் நாம் மிகுதியாக வாசிக்கிறோம். அழைப்பைத் தவிர்க்க ஓடியவர்களும் உண்டு. யோனாவை நாம் மறந்துவிடக்கூடாது.

1890-களின் தொடக்கத்தில் அவருடைய பெற்றோர் திண்டிவனத்தில் பணியாற்றினர். தாய் சோபியா நோயுற்றார். அவரைக் கவனித்துக்கொள்ளச் சிறிது காலத்திற்கு மட்டும் என்று சொல்லி ஐடா வந்து சேர்ந்தார். வந்த இடத்தில்தான் அந்த இரவு நிகழ்ந்தது.

இரவில் கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். அவருடைய மனைவி, மிகவும் இளவயதுப் பெண், பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். ஐடா வந்து உதவ வேண்டும் என்று கேட்டார். தனக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவரான தன் தந்தையை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்த இளைஞர் மறுத்தார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியின் முகத்தைப் பார்ப்பதைவிட அவள் இறப்பதே மேல் என்பதுதான் அவர் வளர்ந்த முறை. திரும்பிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஓர் இஸ்லாமியர். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக உயர்சாதி இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார். மறுநாள் காலை தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அறைக்குள் சென்று நெடுநேரம் செபித்த ஐடா, வெளியே வந்து, தான் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

இந்நிகழ்ச்சியை மறையுரைகளில் கேட்டவர்கள் இருக்கலாம். பொதுவாக இது ஓர் அழைத்தலின் கதையாகச் சொல்லப்படுகிறது. அது சரிதான். ஆனால் இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அன்றிரவு திண்டிவனத்தில் மருத்துவர் இருந்தார். சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தார். அழைத்தால் வந்திருப்பார். இருந்தும் மூவரும் இறந்தார்கள். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு வாசற்படி இருந்தது. அதைத் தாண்ட யாருக்கு உரிமை உண்டு என்பதே அந்த இரவின் கேள்வி.

அந்தக் கணவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிட வேண்டாம். கல்நெஞ்சராக இருந்திருந்தால் நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க மாட்டார்கள். மேலும் அக்காலத்தில் நம் திருச்சபையின் நிலையையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். துறவற அருட்சகோதரிகள் முழு மருத்துவராகப் பணிபுரிவதற்கும் பிரசவம் பார்ப்பதற்கும் திருச்சபைச் சட்டம் அன்று இடம் தரவில்லை. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் என்ற பெண்மணி, கத்தோலிக்க மறையைத் தழுவியபின், இந்தியப் பெண்களுக்காக இத்தடையை நீக்கும்படி உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். விடை காணாமலே 1913-இல் இறந்தார். ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-இல் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்று ஆந்திரத்தின் குண்டூரில் துறவியாகவும் மருத்துவராகவும் பணி தொடங்கினார். மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையை 1925-இல் நிறுவிய அன்னா டெங்கல் போன்றோரின் முயற்சியால் 1936-இல்தான் பொதுவான அனுமதி வந்தது. அதற்குள் வேலூரில் ஐடா அம்மையார் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி முடித்திருந்தார். பிற சபையைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து கற்றுக்கொள்ள நமக்கு நிறையவே இருக்கிறது.

அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பெண்களுக்கு அங்கு இடம் கிடைத்த முதல் ஆண்டுகள் அவை. புறப்படும் முன் வேலூரில் ஒரு மருத்துவமனைக்காக நன்கொடை திரட்டினார். ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-இன் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார் ஐடா. தந்தையோடு சேர்ந்து வேலை பழகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதம் தந்தை இறந்துவிட்டார். அனுபவமில்லாத இளம் மருத்துவர் தனியாக நின்றார். தொடக்கத்தில் நோயாளிகளும் நம்பி வரவில்லை. இருந்தும் வீட்டில் ஒரு சிறிய அறையில் ஆரம்பித்த வேலை இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைத் தொட்டது. அவருடைய முதல் உதவியாளர் பட்டம் பெற்ற செவிலியர் அல்லர். வீட்டுச் சமையற்காரரின் மனைவி சலோமி. அறிமுகமான தமிழ்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றதும் வருகிற பெண்களின் அச்சம் குறைந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. 1902-இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அக்காலத்து நோய்களைப் பற்றி இன்றைய இளைஞர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலரா ஒரு கோடையில் வந்து ஒரு தெருவையே காலி செய்யும். பெரியம்மை பிழைத்தவர் முகத்தில் குழிகளை விட்டுச் செல்லும். பலர் கண்ணை எடுத்துக்கொள்ளும். குழந்தைகளைத் தொண்டை அடைப்பானும், கக்குவான் இருமலும், தட்டம்மையும் வாரிக்கொண்டு போயின. தொப்புள் கொடியை அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ அறுத்து, சாம்பலோ சாணமோ வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. அதன் வழியாக ரணஜன்னிக் கிருமி புகுந்து, ஒரு வாரத்துக்குள் குழந்தை பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்து இறக்கும். தாய்க்கும் இது வரும். பேய் அடித்தது என்றுதான் வீட்டார் நினைத்தார்கள்.

இவற்றில் சிலவற்றுக்கு அன்றே தடுப்பு மருந்து இருந்தது. பெரியம்மைக்கு ஊசி குத்துவது 1802-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. காலராத் தடுப்பூசியை ஹாஃப்கின் என்ற அறிஞர் 1890-களில் நம் நாட்டில்தான் போட்டுக் காட்டினார். பிளேக் தடுப்பூசியை 1897-இல் பம்பாயில் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மருந்து இருந்தது, ஆனால் வாசற்படி இங்கும் குறுக்கே நின்றது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்றால் பிள்ளைகளை வைக்கோற்போருக்குப் பின்னாலும் பரண்மேலும் ஒளித்து வைத்த கதைகளை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரசாங்க ஆள், அதிகாரத்தோடு வருகிறவர், தெரியாத ஆண். நோயையே தாயாக எண்ணி வழிபட்ட மக்களிடம் அவர் வந்து நின்ற விதமும் சரியில்லை. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியார் நுழையக்கூடாது என்ற கட்டுப்பாட்டில் தொற்றைத் தடுக்கும் ஓர் அறிவு இருந்ததை அவர் மதித்திருந்தால், ஒருவேளை மக்களும் அவர் ஊசியை மதித்திருப்பார்கள்.

ஐடா அம்மையார் இதற்கு வேறு வழி கண்டார். நோயாளி மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திராமல், முதலில் மாட்டு வண்டியிலும், 1909-இல் ஒரு பிரெஞ்சு நாட்டுக் காரிலும் கிராமங்களுக்குச் சென்றார். குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட மரத்தடிகளில், குறிப்பிட்ட நாளில் வண்டி நிற்கும். முதன்முறை அந்தக் காரைப் பார்த்தவர்கள் பேய் வருகிறது என்று ஓடினார்களாம்! சில வாரங்களில் அதே மக்கள் விடியுமுன்பே வந்து மரத்தடியில் காத்திருந்தார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, பல் பிடுங்குதல், காய்ச்சல் மருந்து என்று வேலை நடக்கும். வாரம் தவறாமல் ஒரே நாளில், ஒரே மரத்தடியில், அதே முகம். மக்களின் நம்பிக்கையை இதைவிடச் சிறந்த முறையில் பெற்றவரை நாம் அறியோம்.

ஆனால் ஒரு பெண் மருத்துவர் எத்தனை வாசற்படிகளைத் தாண்ட முடியும்? 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்து, பெண்களை மருத்துவராக்கும் பள்ளி. இதற்கு அனுமதி கேட்டபோது சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிகம் என்று அவர் கருதினார். 151 பேர் விண்ணப்பித்தார்கள். 1918 ஆகஸ்டு மாதம் வகுப்புகள் தொடங்கின. சென்னை மாகாணம் முழுவதும் ஆண்களே பெருவாரியாகத் தோற்கிற தேர்வில் இந்தப் பெண்கள் எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். 1922-இல் 14 பேர் மருத்துவர்களாக வெளியே வந்தார்கள். திண்டிவனத்து இரவுக்கு உண்மையான பதில் ஐடா அம்மையாரின் கையில் இருந்த பட்டம் அன்று. இந்தப் பதினான்கு பேர்தான்.

அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ஒரு சோதனை வந்தது. மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரிகளாக உயர வேண்டும், இல்லையேல் மூடவேண்டும் என்று 1930-களின் இறுதியில் அரசு முடிவெடுத்தது. எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த ஐடா அம்மையார் மீண்டும் அமெரிக்கா சென்று ஊர் ஊராகக் கை ஏந்தினார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் போதிய பணமும் ஆசிரியர்களும் கிடைக்கும் என்ற நிலை. பெண்களுக்கென்றே கொடுத்த பணம் இது என்று பழைய நன்கொடையாளர்கள் சிலர் கோபம் கொண்டார்கள். வாழ்நாள் கனவின் வடிவத்தையே மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்தார். 1942-இல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1947-இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். தான் கட்டியதைத் தன் விருப்பப்படியே இருக்க வேண்டும் என்று பிடித்துவைக்காமல் விட்டுக்கொடுப்பது, நிறுவனங்களை நடத்தும் நம் போன்றோருக்கு எவ்வளவு கடினம் என்பது நமக்கே தெரியும். 1946-இல் பொறுப்பிலிருந்து விலகி, கொடைக்கானலில் இறுதிக்காலத்தைக் கழித்து, 1960 மே மாதத்தில், தம் 89-ஆம் வயதில் ஆண்டவரிடம் சென்றார்.

அவர் மறைந்தபின் அந்தக் கல்லூரி செய்தவற்றில் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம்பிள்ளை வாதத்துக்கான சொட்டு மருந்து மேலை நாடுகளில் மூன்று தவணையில் நல்ல பலன் தந்தது. நம் பிள்ளைகளுக்கு அது போதவில்லை என்பதை 1970-களில் வேலூரில் மருத்துவர் ஜேக்கப் ஜானும் உடன் உழைத்தவர்களும் கண்டறிந்தார்கள். ஒரு பகுதியிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையும் அங்கே செய்து பார்க்கப்பட்டது. 1995 முதல் நாடு முழுவதும் நாம் கண்ட போலியோ ஞாயிறுகள் அந்த வழியில் வந்தவை. திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலிலேயே குழந்தைக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு, சுண்டுவிரலில் மை வைத்துச் சென்ற நினைவு பலருக்கும் இருக்கும். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச்சில் நம் நாடு போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மை 1975-லேயே நம் மண்ணைவிட்டுப் போய்விட்டது; மேற்கையில் அந்த வட்டத் தழும்பு உள்ளவர்கள் எல்லோரும் இன்று நடுவயதைக் கடந்தவர்கள். தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதி செய்யப்பட்டது.

இவையெல்லாம் சட்டத்தால் மட்டும் நடந்தவை அல்ல. நம் மாகாணத்தில் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இருந்தது. 1985 முதல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இருக்கிறது. இருந்தும் மருந்து வீட்டுக்குள் போனது கிராம சுகாதார செவிலியர் என்று நாம் அழைக்கும் அந்தப் பெண்ணால்தான். கர்ப்பிணியின் பெயரும், மாமியாரின் குணமும், எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதும்கூட அவருக்குத் தெரியும். கருவுற்றிருந்த எலிசபெத்தைத் தேடி மலைநாட்டுக்கு விரைந்த அன்னை மரியாவை நினைக்கும்போது, வெயிலில் மருந்துப் பெட்டியோடு நடந்து வரும் இந்தச் சகோதரிகளின் உருவமும் நம் மனதில் தோன்றுகிறது.

சந்தேகப்படுகிறவர்கள் எல்லோரும் அறியாதவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1955-இல் இராஜாஜி அவர்களே காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பின்னர் செங்கற்பட்டுப் பகுதியில் நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்றே தெரிந்தது. பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. கேள்வி கேட்பது பாவமல்ல. கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி, 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழகமெங்கும் போடப்பட்டபோது நடந்தது நினைவிருக்கிறதா? ஊசி போட்ட பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள், மலட்டுத்தன்மை வரும் என்றெல்லாம் கைப்பேசியில் செய்திகள் பறந்தன. படித்த பெற்றோரே அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ஊசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. எண்ணிக்கை எட்டாததால் நாள்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா என்பது பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்பும்தான். கருவுற்ற பெண்ணுக்கு முதல் மாதங்களில் வந்தாலோ, வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் அது கெடுக்கும். அதனால்தான் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். இதை யாராவது ஓர் அன்பியக் கூட்டத்தில் பத்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருந்தால் பாதி வீடுகள் திறந்திருக்கும். சொல்ல வேண்டியவர் வெளியிலிருந்து வரவேண்டும் என்பதும் இல்லை. நம் பங்குகளில் செவிலியர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள், மருத்துவமனைகளில் உழைத்த அருட்சகோதரிகள் இருக்கிறார்கள். சலோமியைப் போல, பக்கத்தில் நிற்கத் தெரிந்தவர்கள்.

திண்டிவனத்தில் இறந்த அந்த மூன்று பெண்களின் பெயர்கள் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர்களை எந்தத் தடுப்பூசியும் காப்பாற்றியிருக்காது. தேவைப்பட்டது ஒரு பெண் மருத்துவரின் கை. இன்று விழுப்புரம் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்குப் பெண் மருத்துவர்களும் பயில்கிறார்கள். பிரசவம் பார்க்கப் பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று தேடி அலைய வேண்டியதில்லை. கிராமத் துணை சுகாதார நிலையங்களில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கான ரணஜன்னி – தொண்டை அடைப்பான் ஊசியும், குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை – ரூபெல்லா ஊசியும் இலவசம். திருமுழுக்குக்குக் குழந்தையைக் கொண்டு வருகிறவர்கள், பெயர் பதிவதற்கான சான்றுகளோடு அந்தத் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். எது விடுபட்டிருக்கிறது என்று நம் பங்கிலுள்ள செவிலியர் சகோதரிகள் பார்த்துச் சொல்வார்கள்.